மரத்தடித் தூக்கம்

எங்கள் கல்லூரி முதல்வர் உயிரோடு இருக்கும்போதே சுவர்ப் பத்திரிகையில் அவருக்கு இரங்கல் எழுதியவன் நான். அதனால் நான் சொல்வதை யாரும் நம்பப்போவதில்லை, தெரியும். ஆனாலும் இது நடந்தது. மணி பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன்.

அக்கா மருத்துவமனையில் நர்ஸ். நான்கு மாதமாக அவளுக்குத் தூக்கம் இல்லை. இரவுப் பணியை மாற்றிக் கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் மட்டும் வரவில்லை. போன மாதம் நோயாளிக்குப் போட வேண்டிய ஊசியைத் தலையணைக்குப் போட்டுவிட்டாள். தலையணை பிழைத்துக்கொண்டது. அடுத்த தடவை என்ன ஆகுமோ என்று அவளுக்கே பயம். கடைசியில் டாக்டர் சொன்னார்: "மரம், தண்ணி எல்லாம் இருக்கற அமைதியான இடமாப் பார்த்துப் போய் உட்காரும்மா." அப்படி ஒரு இடத்தைச் சும்மா திறந்து வைத்திருப்பது கோயில்தான். பைக்கில் கூட்டிப்போனேன்.

மலையடிவாரத்தில் சின்ன சிவன் கோயில். வாசலில் செருப்பை விட்டபோதே ஊர்ச் சத்தமும் அங்கேயே நின்றுவிட்டது. கல்தரை சில்லென்றிருந்தது. பின்பக்கப் பிராகாரத்தில் ஒரு பெரிய மரம். பத்தடி தள்ளிச் சிறு குளம். கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் சாமி கும்பிடுகிறவன் நான். எனக்கே மனசு லேசாகிவிட்டது.

காலை 11.05. மரத்தில் சாய்ந்த அக்கா அப்படியே தூங்கிப்போனாள். எனக்குக் கண் கலங்கியது. காற்றில் தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

11.40.

டப்... டப்... டப்...

பக்கத்தில் யாரோ கை தட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. கிளிகள் எப்போது அடங்கின என்று தெரியவில்லை. அக்காவின் இமைகள் துடித்தன. ஆனால் திறக்கவில்லை.

"உஷ்... தூங்கறாங்க" என்றேன், காலிப் பிராகாரத்தைப் பார்த்து.

தட்டல் நின்றது.

12.15. அர்ச்சகர் நடை சாத்த வந்தார். அக்காவை உலுக்கி எழுப்புவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள் கைக்குள் ஒரு கூழாங்கல் இருந்தது. ஈரமாக. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் குளத்துப் பக்கமே போகவில்லை.

வெளியே வரும் வழியில், சண்டிகேஸ்வரர் சந்நிதியில் அர்ச்சகர் எங்களை நிறுத்தினார்.

"இங்க மெதுவாக் கை தட்டிக் காட்டிட்டுப் போங்க. கோயில் பொருள் எதையும் எடுத்துட்டுப் போகலேன்னு அர்த்தம்."

நான் தட்டினேன். அக்கா கல்லைக் கைக்குள் வைத்துக்கொண்டே தட்டினாள். சத்தமே வரவில்லை.

"கல்ல வச்சுட்டு வாயேன்க்கா."

"இது கையில இருந்தாத் தூக்கம் வரும்போல இருக்குடா."

"சரி எடுத்துக்கோ. சாமிக்குக் கல்லுக்கா பஞ்சம்?"

அந்த நக்கலை மட்டும் நான் அடக்கியிருக்கலாம்.

வீட்டில் 2.30க்குப் படுத்தாள். கல் கைக்குள். இரவு சாப்பிடவும் எழவில்லை. அம்மா வெளியூரிலிருந்து போனில் சொன்னாள்: "தூங்கட்டும்டா. எழுப்பித் தொலைக்காத."

மறுநாள் காலை 9.00. அக்கா புரண்டுகூடப் படுக்கவில்லை.

9.10. டப்... டப்... டப்... கூடத்திலிருந்து.

9.14. அவள் அறை வாசலிலிருந்து.

9.20. கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து.

உலுக்கினேன். கத்தினேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். மூச்சு மிக மெல்ல வந்தது.

இமைகள் திறக்கத் துடித்தன. இரண்டு இமைகளின் மேலும் சின்னச் சின்னக் குழிகள்...

விரல் வைத்து அழுத்தினாற்போல.

டப்.

என் காதோரம். கன்னத்தில் காற்று பட்டது.

அக்கா கண் விழித்தாள்.

கல் கையிலிருந்து உருண்டது. இன்னும் ஈரம் காயவில்லை.

பக்கத்து வீட்டு அத்தையை அவளுக்குத் துணை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் பைக்கை விரட்டினேன். கல்லோடு வந்த பேய் கல்லோடு போகட்டும் என்று கணக்கு. 11.30க்குக் கல்லைக் குளத்தில் போட்டேன். சந்நிதியில் இரண்டு கையையும் விரித்துக் காட்டிப் பலமாகத் தட்டினேன். அர்ச்சகரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த மரத்தடியில தூங்கினவங்க ரெண்டு பேர் எழுந்திருக்கவே இல்ல தம்பி. அதுலேர்ந்து கோயில் காவலாளி யாரையும் அங்க கண்ணசர விடமாட்டார். கை தட்டி எழுப்பிடுவார்."

"அவர் எங்க இப்போ?"

"தவறிப்போய் எட்டு மாசம் ஆச்சே."

வீட்டுக்கு வந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"கை தட்டினது யாருடா? ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணைத் திறக்கப் பார்த்தேன். இன்னொருத்தர் கை வந்து பொத்திடுச்சு."

"யார் கை?"

"தெரியல. சின்னக் கை. ஈரமா இருந்துச்சு."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தத் தட்டல் கேட்கவே இல்லை. எழுப்ப வந்தவரை நானே கல்லோடு கொண்டுபோய்க் கோயிலில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அக்கா இப்போது நன்றாகத் தூங்குகிறாள். அம்மாவுக்கு ஏக சந்தோஷம். நான்தான் தினமும் காலை ஆறு மணிக்கு அவள் அறைக்குப் போய்க் கை தட்டுகிறேன். முதல் நாள் ஒரே தட்டில் எழுந்தாள்.

இன்று நாற்பத்தொரு தட்டு.