மலாக்காப் பிள்ளையாரிடம் பூக் கேட்டது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். அத்தை இருந்தவரை எழுதவே கூடாது என்றிருந்தேன். போன மாசியில் அவர் சாமி காலடி சேர்ந்துவிட்டார். நான் தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் பீடோங் ஊரிலிருந்து உள்ளே, சுங்கை லாலாங் பக்கம். அம்மா என்னைப் பெற்ற சில மாதத்திலேயே போய்விட்டார். அப்பாவின் தங்கைதான் என்னை வளர்த்தார். அத்தையைக் கேட்டு வந்தவர்களை எல்லாம், "பிள்ளைய யாரு பாப்பா?" என்று சொல்லியே திருப்பி அனுப்பினார். பிறகு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மலாக்காவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவரின் சம்பந்தம் வந்தது. அப்பா இந்தத் தடவை விடுவதாக இல்லை. பேசிப் பேசி அலுத்துப்போன அத்தை, "மலாக்காப் பிள்ளையார்கிட்டயே பூக் கட்டிப் பாப்போம்ணே. வெள்ளை வந்தா இந்தப் பேச்ச இனிமே எடுக்கக் கூடாது" என்றார்.

ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. இரண்டையும் சாமி காலடியில் வைத்து, ஒன்றுமறியாத பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். சிவப்பு வந்தால் சம்மதம். வெள்ளை வந்தால் விட்டுவிட வேண்டும். அந்த ஒன்றுமறியாத பிள்ளை நான். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றே நினைத்தேன்.

பீடோங்கில் மளிகைக்கடை வைத்திருந்த பாய், மலாக்காவுக்குச் சரக்கெடுக்கப் போகும் தம் வேனில் எங்களை ஏற்றிக்கொண்டார். ஈப்போ தாண்டுவதற்குள் நான் வாந்தியெடுத்து அவர் கோணிகளை நனைத்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "கோட்டைய பாக்காம திரும்பினா, நீ மலாக்கா போனத பீடோங்ல ஒருத்தனும் நம்ப மாட்டான்லா" என்று சிரித்தார்.

அங்கே பிள்ளையார் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருந்தன. கோயிலின் பின்னறையில் தங்கினோம். மறுநாள் காலையில் அப்பா அரளிப் பூ வாங்கிவந்து, வாழையிலைத் துண்டில் இரண்டு பொட்டலமாகக் கட்டினார். குருக்கள் அவற்றைச் சாமி காலடியில் வைத்தார். நான் ஒன்றை எடுத்தேன். அத்தை பிரித்தார். சிவப்பு.

அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதார். நான் ஏதோ தப்பாக எடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்து, "அத்தை, அந்த இன்னொண்ண எடுக்கட்டா?" என்றேன்.

"ஒண்ணுதாம்மா எடுக்கணும்" என்றார் அப்பா.

மாலையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தையோடு கோட்டைக் குன்றின் அடியிலேயே உட்கார்ந்து பேசினார்கள். பாய் என்னையும் அப்பாவையும் மேலே இடிந்த கோட்டைச் சுவர்ப் பக்கம் கூட்டிப்போனார். குருக்கள் விபூதியோடு கொடுத்த அந்த மற்றப் பொட்டலம் என்னிடம்தான் இருந்தது. பிரித்துப் பார்த்தேன்.

"அப்பா, இதுலயும் சிவப்புதான்."

அப்பா முதலில் கீழே அத்தை இருந்த பக்கம் பார்த்தார். பிறகு பூவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சாமி ரெண்டு தடவ சரின்னு சொல்லிருச்சி. அத்தைகிட்ட சொல்லாத, மறுபடியும் அழும்" என்றார்.

பாய் கடலைப் பார்த்தபடியே, "என் காதுல ஒண்ணும் விழலலா" என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அத்தை மலாக்காவுக்கே போய்விட்டார். அப்பா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடியுமுன் அடுப்பு மூட்டி, எனக்குக் கோணலாகத் தலை பின்னிவிட்டு, பால் எடுக்க மரம் வெட்டப் போவார். தலை பின்னும்போது நான் சாமி படத்தைப் பார்த்து, "என் அத்தைய எதுக்குப் பிரிச்ச?" என்று பிள்ளையாரைத் திட்டுவேன். அப்பா பின்னிக்கொண்டே இருப்பார். யாரை வைத்துக்கொண்டு யாரைத் திட்டுகிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அத்தை கடைசிவரை அதைச் சாமி வாக்கு என்றே நம்பி, நான்கு பிள்ளை பெற்று நன்றாக வாழ்ந்தார். நானும் அது சாமி வாக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இதைப் படித்துப் பிறருக்குச் சொல்பவர்கள் உள்ளபடியே சொல்லுங்கள். அற்புதம் நடந்தது என்று கூட்ட வேண்டாம். அப்பா சாமியை ஏமாற்றினார் என்று குறைக்கவும் வேண்டாம். கட்டியவர் அப்பா, எடுத்தவள் நான், அத்தையைப் பிரிந்தது நாங்கள் இருவரும்.