கும்பிட்ட பூ

எங்கள் சின்னம்மா நாலு சொல் சேர்ந்தாற்போல் கதைத்து வீட்டில் பெரியவர்கள் யாரும் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் "ஓம்" என்பா, அதோடு சரி. சாவகச்சேரிப் பக்கமிருந்து அவவுக்குக் கலியாணம் பேசி வந்தபோதும் அதனால்தான் அவவிடம் ஒருவரும் விருப்பம் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை. பெண்சாதி செத்து, தோளளவுக்கு வளர்ந்த பிள்ளைகள் வேறு. பெரியமாமா பிடித்த பிடியில் நின்றார். அம்மா முகத்தைச் சுளித்தா. கடைசியில், பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. வாழையிலைப் பொட்டலம் இரண்டு. வெள்ளை நந்தியாவட்டை வந்தால் கலியாணம், சிவப்புச் செவ்வரத்தை வந்தால் விட்டுவிடுவது. எடுக்க வேண்டியவள், வீட்டில் சின்னவளான நான்.

பூ ஆய்ந்து பொட்டலம் கட்டுவது வழக்கம்போலச் சின்னம்மாவின் வேலை.

எங்கள் முற்றத்து நந்தியாவட்டையில் அப்போது ஒரு கும்பிடுபூச்சி குடியிருந்தது. வெள்ளை வெளேரென்ற உடம்பு, இதழ்போல விரிந்த கால்கள். பூவென்று நினைத்துக் கை வைக்கப்போன நான், அது தலையைத் திருப்பிப் பார்த்ததும் அலறிவிட்டேன்.

"சத்தம் போடாதை. அசையாமல் இருக்கிறது பயத்திலை எண்டு நினைச்சியோ?" என்று சின்னம்மா சிரித்தா. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, தேன் தேடி வந்த ஈ ஒன்று அந்தக் கைகளுக்குள் போயிற்று.

கோயிலில் நான் சின்னம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சின்னம்மா காதருகே குனிந்து, "எதை வேணுமெண்டாலும் எடு குஞ்சு, ஒண்டுக்கும் பயப்பிடாதை" என்றா.

ஐயர் பொட்டலங்களை மாற்றி மாற்றி வைத்துவிட்டுக் கண்ணைக் காட்டினார். நான் ஒன்றை எடுத்து மாமாவிடம் நீட்டினேன். பிரித்தார். வெள்ளை!

"பாத்தியளே, பிள்ளையாரே சொல்லிப்போட்டார்…"

அவர் சொல்லி முடிக்கவில்லை, பூவில் பாதி எழும்பியது. இரண்டு கைகளையும் கூப்பி மாமாவை உற்றுப் பார்த்தது. பிறகு ஒரே தாவலில் அவர் மீசையில் ஏறிக்கொண்டது. மாமா போட்ட கூத்தில் சால்வை ஒரு பக்கம், இலை ஒரு பக்கம்.

"உது நல்ல சகுனமோ ஐயா?" என்றா அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"பூச்சி இருந்த பூ சுவாமிக்கே ஆகாது. கலியாணத்துக்கு ஆகுமோ?" என்று ஐயர் கையை விரித்தார்.

பேச்சு அதோடு நின்றது. வரும் வழியில், "எங்கடை பூச்சியெல்லோ சின்னம்மா! உங்கடை கண்ணிலை படேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லையடி. அச்சாப் பூ மாதிரியெல்லோ இருந்தது" என்றவ, காரணமில்லாமல் எனக்குத் தோடம்பழ இனிப்பு வாங்கித் தந்தா.

எதை வேண்டுமென்றாலும் எடு என்று அவ சொன்னது, எனக்குத் தைரியம் தரத்தான் என்று கனகாலம் நினைத்திருந்தேன்.