கன்றுக்குச் செய்த சட்டி

ஐம்பதுகளின் கடைசியில், கிளிநொச்சிக்குத் தெற்கே ஒரு குளக்கட்டின் கீழே நானும் என் கணவரும் சட்டி பானை செய்து பிழைத்தோம். சமையல் சட்டி பானைகளை அவர் சக்கரத்தில் வனைவார். மாடு, ஆடு, நாய், கோழிக்குத் தீன் வைக்கும் சட்டிகள் என் கைவேலை. கோழிச் சட்டிக்கு விளிம்பை உள்ளே மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளறிக் கொட்டிவிடும். நாய்ச் சட்டிக்கு அடி கனக்க வேண்டும். கன்றுக்குத் தவிடு வைக்கும் சட்டி முட்டினாலும் புரளக் கூடாது. அதற்கு மண்ணை அரிக்க மாட்டேன், உள்பக்கத்தை மினுக்கவும் மாட்டேன். பருமணல் கிடந்தால்தான் மிதிபட்டாலும் உடையாது. மாட்டு நாக்குக்கு மணல் ஒரு பொருட்டில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்து வயல் செய்த கமக்காரர் ஒருவர், கன்றுகளுக்கென்று பன்னிரண்டு சட்டி சொல்லிவிட்டார். அவரிடம் இருந்த கன்றுகள் மூன்றோ நாலோ. பெரிய வேலை கிடைத்த சந்தோஷத்தில் நான் அதை யோசிக்கவில்லை.

நெல் வெட்டு நேரத்தில், சூளைக்கு வைக்கோல் கேட்டு அவர் வீட்டு வளவுக்குப் போனேன். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கூலிச் சனம் குந்தியிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. தீண்டக்கூடாதென்று ஒதுக்கிய அந்தச் சாதிக்கு வீட்டுக் கோப்பை கொடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். குயவர் சாதி எனக்கும் அந்த வீட்டில் உட்காரக் கதிரை கிடையாது. ஆனால் அவர்கள் கையில் இருந்தவை என் சட்டிகள். ஒரு பெண் வாயிலிருந்து மணலைத் துப்பிவிட்டு, மறுபடியும் குடித்தாள்.

கமக்காரர் முற்றத்தில் நின்றார். நேரே போய்க் கேட்டேன்.

"ஐயா, இது கண்டுக்கெண்டுதானே செய்விச்சனீங்கள்?"

"மண்சட்டிதானே. ஆர் திண்டால் என்ன?"

"அப்ப இண்டைக்கு நீங்களும் இதிலை குடியுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

அவர் முகம் கறுத்தது. வளவைவிட்டு வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை. மணலைத் துப்பிய பெண் குடித்து முடித்து வைத்த சட்டியை எடுத்து, கிணற்றுக் கட்டில் ஓங்கி அடித்தேன். ஒரே அடியில் உடையவில்லை. நன்றாகத்தான் செய்திருந்தேன். மூன்றாம் அடியில் பிளந்தது.

மற்றச் சட்டிகளுக்கும் கை நீட்டினேன், ஒருவரும் தரவில்லை. அந்தப் பெண்ணோ எழும்பி வந்து என்னைத்தான் ஏசினாள்.

"உனக்குக் கோவம் வந்தால் உடைப்பாய். நாளைக்கு நான் எதிலை குடிக்கிறது?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த வீட்டு வைக்கோல் இனிக் கிடையாது, மற்றக் கமக்காரரும் எங்களை ஒதுக்கக்கூடும் என்றார். இருக்கட்டும் என்றேன். அவர் எழும்பி, தான் வனைந்து விற்க அடுக்கியிருந்த மழமழப்பான சட்டிகளைத் தட்டித் தட்டிச் சத்தம் பார்த்துப் பன்னிரண்டை எடுத்து வைத்தார். பொழுது படமுன் கூலிச் சனத்தின் குடிசைகளுக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெண் ஒன்றை வாங்கி, உள்ளே விரலால் தடவிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. மற்றவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.

அடுத்த நாள் எல்லாரும் அந்தச் சட்டிகளோடுதான் வயலுக்குப் போனார்கள். கஞ்சியை இதில் ஊற்றினால்தான் வெட்டுவோம் என்று அவளே சொன்னாளாம். மழை இருட்டிக்கொண்டு நின்றது, கதிர் விளைந்து சாய்ந்து கிடந்தது. கமக்காரர் அதிலேயே ஊற்றுவித்தார்.

அவர் சொல்லி, சில வீடுகள் எங்களிடம் வாங்குவதை நிறுத்தின. அந்த வருஷம் விறகு பொறுக்கித்தான் சூளை வைத்தோம். கை வெடித்தது. மன்னிப்புக் கேட்டு வா என்று சொந்தக்காரர் எல்லாம் சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த ஒவ்வொரு மாட்டுச் சட்டிக்கும், நாய்ச் சட்டிக்கும் நடுவில், விளிம்புக்கு மேல் துருத்தி நிற்கும்படி, கைமுட்டிப் பருமனில் குமிழ் ஒன்று வைத்தேன். மாடும் நாயும் அதைச் சுற்றி நக்கித் தின்னும். மனிதர் கை வைத்துச் சோறு குழைக்க முடியாது, வாயில் வைத்துக் கஞ்சி குடிக்கவும் முடியாது. குமிழ் இல்லாமல் செய்து தரச் சொல்லிப் பலர் கேட்டார்கள். முடியாது என்றேன். காரணம் கேட்டவர்களுக்குக் காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கமக்காரர் ஆள் அனுப்பினார். பசு கன்று போட்டிருக்கிறதாம், இரண்டு சட்டி வேண்டுமாம், குமிழ் வேண்டாமாம். "குமிழோடை எண்டால் கொண்டுபோங்கோ," என்றேன். வந்தவர் வெறுங்கையோடு போய், மத்தியானம் திரும்பி வந்து இரண்டையும் தூக்கிக்கொண்டு போனார்.