மஞ்சள் கார் வெல்லக்கூடாது

சாய்ந்தமருதில் பஸ் நிற்கிறது. தேத்தண்ணிக் கடைக்குள் ஓடுகிறேன். தொலைக்காட்சியில் இளையோர் கார்ப் பந்தயத் தொடரின் கடைசிப் போட்டி. ஒருவர் மட்டும் உட்காரும் கார்கள். ஓட்டுபவர்களுக்கு மீசைகூட அரும்பவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? மஞ்சள் கார் முந்தினால் கிண்ணம் அதற்குத்தான் என்று எல்லாருக்கும் விளக்குகிறேன்.

“தெரியும் தம்பி. அதுக்கு டயர் பூட்டுறது எங்கட மகன்தான்,” என்கிறார் கடைக்கார மாமி. மகன் டுபாய் போய் மூன்று வருடமாம்.

“அப்ப அது வெல்ல துஆ கேளுங்க மாமி.”

“கார் வெண்டா டீவில முதலாளியத்தான் காட்டுவாங்க. பழுதாகி, டயர் மாத்த உள்ள வந்தாத்தான் இவன்ட முகம் தெரியும்.”

தேநீர் ஆற்றும் கணவர் முறைக்கிறார். “தோத்தா அவன்ட வேலை போயிரும்.”

சொல்லி முடிப்பதற்குள் மஞ்சள் காரின் பின்சக்கரம் ஆடுகிறது. கார் ஊர்ந்து, டயர் மாற்றும் இடத்துக்குள் திரும்புகிறது. நான் தலையில் கை வைக்கிறேன். திரையில், கழன்ற டயருக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் மகன். கமரா அவனை விடுவதாயில்லை. கடையே கைதட்டுகிறது.

“இவன் பூட்டின டயர்தான். இனி வீட்ட அனுப்பிருவாங்க,” என்கிறார் கணவர்.

“அனுப்பட்டும்,” என்கிறார் மாமி, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். “எப்பிடி மெலிஞ்சிருக்கான் பாருங்க.”