நாலு விரல் மடிப்பு

1. வெல்வெட் சட்டை

தையல் பழக்கப் போன முதல் நாளே நான் கோபத்தோடுதான் வீடு திரும்பினேன். அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம்பெயர்ந்த சனங்களோடு வேலை செய்யப் போகிற பிள்ளைகள் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில், கலவரத்தில் லயன் வீடுகள் எரிக்கப்பட்டு, அடித்துத் துரத்தப்பட்ட குடும்பங்கள் திருகோணமலைக்கு வந்து சேர்ந்திருந்தன. நிலாவெளி வீதியில், சல்லிக் கிராமத்துப் பக்கமாக, பனைகளுக்கு நடுவில் கிடுகு ஓலைக் கொட்டில்கள் போட்டு இருந்தார்கள். டவுனில் ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஒரு மாதர் கொமிற்றி அவர்களுக்கு உதவ முன்வந்தது. ஆறு பழைய தையல் மெஷின்களைச் சேர்த்துக் கொடுத்து, பெண்களுக்குப் பழக்க என்னைச் சம்பளத்துக்கு வைத்தார்கள்.

நான் போன அன்று நிவாரண உடுப்பு மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஏதோ குளிர்நாட்டில் கழித்துவிட்டவை. திருகோணமலை வெயிலுக்குக் கம்பளிக் கோட்டும் காதுவரை மூடும் தொப்பியும்! முத்துலட்சுமி என்று ஒரு பெண், தோட்டத்தில் கொழுந்து பறித்தவள், அந்தக் குவியலில் தன் மகள் கலாவுக்கு அளவாக ஒன்றே ஒன்றைத்தான் கண்டெடுத்தாள். சிவப்பு வெல்வெட் சட்டை, கழுத்தில் லேஸ், முதுகில் பட்டாம்பூச்சிபோலப் பெரிய ரிபன் முடிச்சு. அந்த எட்டு வயதுப் பிள்ளை அன்றைக்கே அதைப் போட்டுக்கொண்டுதான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாசலில் பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள். அதிபர் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் அதிபரிடம் போய்க் கேட்டேன்.

"யூனிஃபோம் இல்லாமல் ஏலாது ரீச்சர். ஒவ்வொண்டும் ஒவ்வொரு நிறத்தில வந்து நிண்டால் நான் பள்ளிக்கூடம் நடத்துறதோ, கார்னிவல் நடத்துறதோ?" என்றார்.

"உடுத்த மாற்றுத் துணியில்லாத சனம் சேர். கொஞ்சம் பாருங்கோவன்."

"தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்குற அண்டைக்கு வெள்ளை உடுப்போட வரட்டும், பதியிறன். முதல் நாள் தவறினால் பிறகு வந்து மன்றாடக் கூடாது."

சரி, வெள்ளை உடுப்புத்தானே என்று வந்தேன்.

2. பொபின் கேஸ்

கொமிற்றிக்கு வேண்டியது வேறு. பூப்போட்ட ட்ரே குளொத், தேத்தண்ணித் தட்டில் விரிக்கிற துணி. கடற்கரை ஹோட்டல்களில் வெள்ளைக்காரருக்கு விற்கலாமாம். காலையில் பெண்கள் பூப்போட்டார்கள். "இந்தப் பூவை யாரு டீச்சரம்மா உடுத்துவா?" என்று முத்துலட்சுமி ஒருநாள் கேட்டாள். அதனால் பின்னேரங்களில் யூனிஃபோம் தைக்கத் தொடங்கினோம். துறைமுகக் களஞ்சியத்தில் கடல்தண்ணீர் பட்டு ஓரம் மஞ்சளித்த வெள்ளைத் துணி ஒரு கட்டு, கடைக்காரர் ஒருவர் சும்மா தந்தார். கறையை விலக்கி விலக்கி வெட்டினோம்.

இந்த இடத்தில் மெஷின்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆறும் ஆறு வீட்டிலிருந்து வந்தவை, ஆறும் வேறு வேறு மேக். தையல் தெரியாதவர்களுக்கு: ஊசிக்குக் கீழே, தட்டுக்குள், அடிநூல் சுற்றிய பொபினைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன இரும்புக் கூடுதான் பொபின் கேஸ். அது இல்லாவிட்டால் ஊசி ஏறி இறங்கும், தையல் விழாது. ஒரு மெஷினின் கேஸ் மற்றதுக்குச் சேராது. அந்தப் பழைய மேக்குகளுக்குப் புதிதாக வாங்குவதென்றால் கொழும்பிலும் கிடைக்காது. கொட்டிலுக்கு வரும் வாண்டுகள் அதன் ஸ்குரூவைத் திருகி விளையாடி, நூல் இழுவையைக் கெடுத்துக்கொண்டே இருந்தன. ஒருநாள் நான் சத்தம் போட்டு ஒரு சட்டம் வைத்தேன். வேலை முடிந்தால் அவரவர் மெஷினின் பொபின் கேஸை அவரவர் கழற்றி மடியில் முடிந்துகொண்டு போகவேண்டும். காலையில் வந்து மாட்டவேண்டும். அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது.

கலாவின் சட்டையை வெட்டும்போது கீழ்மடிப்புக்கு வழமைபோல இரண்டு விரல் விட்டேன். முத்துலட்சுமி என் கையைப் பிடித்தாள்.

"நாலு விரல் விடுங்க டீச்சரம்மா."

"நாலு விரல் எண்டால் பாரமாத் தொங்குமே முத்துலட்சுமி."

"தொங்கட்டும். வருஷத்துக்கு ஒரு விரல் அவுத்துவிட்டா நாலு வருஷம் போகும். இடுப்புப் பக்கமும் துணி விட்டு வையுங்க."

அதுவரை அந்தக் கொட்டில்களில் யாரும் அடுத்த கிழமையைப் பற்றிக்கூடக் கதைத்து நான் கேட்டதில்லை. முதல்முதலாக ஒருத்தி நாலு வருடத்தைப் பற்றிக் கதைத்தாள். நாலு விரல் விட்டு வெட்டினேன். அதைப் பார்த்த மற்றப் பெண்களும் நாலு விரல் கேட்டார்கள்.

3. வான்

பள்ளிக்கூடம் தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது கொமிற்றியின் பிரெசிடன்ட் அம்மா வந்தார். வெட்டிய துணிகள் குவிந்து கிடந்தன. தைத்து முடிந்தது நாலைந்துதான்.

"என்ன ரீச்சர் இது? ட்ரே குளொத் எங்க?"

"காலமையில தைக்கினம் அம்மா. இது பிள்ளையளின்ர யூனிஃபோம்."

முடிந்த சட்டையொன்றை எடுத்துக் கீழ்மடிப்பைப் புரட்டினார். அவருக்கும் தையல் தெரியும்.

"ஏன் இவ்வளவு மடிப்பு?"

"வளருற பிள்ளையள்தானே."

"எவ்வளவு காலத்துக்கு இங்க வளரப் போகுதுகள்? நிலைமை சரிவந்தால் திரும்பிப் போற சனம் ரீச்சர் இது. பள்ளிக்கூடத்தில சேர்த்தால் வேர் விட்டிடுங்கள். நாங்கள் அதுக்கோ உதவி செய்தனாங்கள்?"

முத்துலட்சுமி மெஷினில் இருந்தபடியே கேட்டாள். "எங்கங்க திரும்பிப் போறது? லயத்தத்தான் எரிச்சுட்டாங்களே."

பிரெசிடன்ட் அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. "மெஷினுகள் கொமிற்றியின்ர சொத்து. அதை மறக்காதேங்கோ," என்று என்னிடம்தான் சொன்னார்.

பள்ளிக்கூடம் தொடங்குவது திங்கட்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை காலை, பெண்கள் வந்து உட்காரும் முன்னமே கொமிற்றியின் வான் வந்தது. ஓர்ஸ் ஹில் மண்டபத்தில் டவுன் பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு ஆரம்பிக்கப் போகிறார்களாம். சனிக்கிழமை திறப்பு விழா, ரீச்சர் நான்தான். ஆறு மெஷினையும் ஏற்றினார்கள். பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். யாரும் அழவில்லை. முத்துலட்சுமி மட்டும் தன் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பனைமரங்களைப் பார்த்தேன்.

"எல்லாம் ஏத்தியாச்சோ ரீச்சர்?" என்று வான்காரன் கேட்டான்.

"ஆறு மெஷினும் ஏத்தியாச்சு, நீங்கள் போங்கோ," என்றேன். பொபின் கேஸைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல எனக்குச் சம்பளம் தரவும் இல்லை.

வான் போனபிறகு முத்துலட்சுமி கேட்டாள். "கையால தச்சா திங்கக்கிழமைக்குள்ள முடியுமா?"

"பாதிகூட ஏலாது."

"பாதிப் புள்ளைங்கள எப்படிங்க பொறுக்கி எடுக்கிறது?"

நான் சொன்னது இவ்வளவுதான்: "சனிக்கிழமை காலமை விழா. கதவு திறந்துதான் இருக்கும். நானும் அங்கதான் நிற்பன்."

4. திறப்பு விழா

மண்டபம் நிறைய ஆட்கள். கதிரைகள், பூமாலை, குத்துவிளக்கு. பெரிய உத்தியோகத்தர் ஒருவரின் மனைவி பிரதம விருந்தினர். டவுன் பிள்ளைகள் புதுச் சட்டையோடு வரிசையில் நின்றார்கள். விருந்தினர் ரிபனை வெட்டி, முதல் தையலைப் போட மெஷினில் உட்கார்ந்தார். நான் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தேன். அவர் பெடலை மிதித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். துணியைத் தூக்கியபோது அதில் ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன. நூல் உருவிக்கொண்டு வந்துவிட்டது.

அடுத்த மெஷினில் உட்கார வைத்தார்கள். அதுவும் அப்படியே.

"ரீச்சர், என்ன இது?" பிரெசிடன்ட் அம்மாவின் குரல் தணிவாகத்தான் இருந்தது. முகம் அப்படி இல்லை.

"பொபின் கேஸ் இல்லை அம்மா."

"எங்க அது?"

வாசலில் லொறிச் சத்தம் கேட்டது. "அந்தா, வருகுது," என்றேன்.

சல்லியிலிருந்து சந்தைக்கு மீன் ஏற்றும் லொறி அது. ஆறு பெண்களும் அதிலிருந்து இறங்கினார்கள். வெட்டிய துணிகளைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். துணியில் மீன் வாடை படவில்லை. அவர்கள் மேல் தாராளமாகப் பட்டிருந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், கதிரைகளுக்கு நடுவால் நடந்து வந்து, அவரவர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். மடியை அவிழ்த்துப் பொபின் கேஸை எடுத்து மாட்டினார்கள். ஆறு மெஷினும் ஒரேயடியாக ஓடத் தொடங்கின. எத்தனையோ விழாவுக்குப் போயிருக்கிறேன், அந்தச் சத்தத்தைப்போல எனக்குப் பிடித்த வாத்தியம் எதுவும் இல்லை.

"களவெடுத்திட்டு வந்து இங்கயே இருக்குதுகள்!" என்றார் பிரெசிடன்ட் அம்மா.

முத்துலட்சுமி பெடலை நிறுத்தவில்லை. "களவெடுத்தவ திருப்பிக் கொண்டாந்து மாட்டுவாளாங்க? மெஷின் உங்களோடதுதான். நாங்க தச்சு முடிச்சதும் எழுந்திரிச்சுப் போயிடுவோம். அதுக்கு முன்னாடி எழுப்பணும்னா மெஷினோட சேர்த்துத்தான் தூக்கணும்."

பிரதம விருந்தினர் ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்தார். நல்ல தையல் என்பது தெரிந்தது. அவர் ஒன்றும் விளங்காமல்தான் கேட்டார், அதற்காக அவருக்கு இன்றும் நன்றி. "வடிவாத் தைக்கினம். இதுதானோ மிஸிஸ் உங்கட கிளாஸ்?"

அத்தனை பேருக்கு முன்னால் பிரெசிடன்ட் அம்மாவால் வேறு என்ன சொல்ல முடியும்?

"ஓம்," என்றார். "இதுதான்."

இதைவிடச் சிறந்த திறப்புரையை நான் கேட்டதில்லை. டவுன் பிள்ளைகளைச் சும்மா நிற்கவிடாமல் ஊசியைக் கொடுத்துப் பொத்தான் தைக்க இருத்தினேன். அவர்கள் சந்தோசமாகவே இருந்தார்கள். விருந்தினர் போய், பிரெசிடன்ட் அம்மாவைத் தவிர மற்றக் கொமிற்றிக்காரரும் போய், விளக்கும் அணைந்துவிட்டது. கடைசிச் சட்டை முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பெண்கள் பொபின் கேஸைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு எழுந்தார்கள். சட்டம் சட்டம்தானே.

வாசலில் காத்திருந்த பிரெசிடன்ட் அம்மா, "ரீச்சர், நீங்கள் இனி வரத் தேவையில்லை," என்றார்.

"தெரியும் அம்மா. அதுதான் கைப்பையைக் காலமையே கட்டி வச்சிட்டன்."

5. வாசல்

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் வெள்ளை வெள்ளையாகப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கலா முன்னுக்கு நின்றாள். அதிபர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் கால்களைப் பார்த்தார்.

"சப்பாத்து?"

"உடுப்பு எண்டுதானே சேர் சொன்னனீங்கள். காலைப் பற்றிக் கதைக்கேல்லையே," என்றேன்.

"காலக் கழுவித்தாங்க கூட்டியாந்திருக்கோம்," என்றாள் முத்துலட்சுமி.

அதிபர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு விலகி நிற்கிற எண்ணம் இல்லை, அவளுக்கும் இல்லை. "சரி, உள்ளுக்கு வாங்கோ," என்றார். எல்லாப் பிள்ளைகளையும் பதிந்தார். ஒன்றைக்கூடப் பொறுக்கி விலக்கவில்லை.

ஓர்ஸ் ஹில் மெஷின்கள் சும்மா கிடந்தன. கொமிற்றி ஆள் அனுப்பிப் பொபின் கேஸைக் கேட்டது. "மெஷினைக் கொண்டாந்து வையுங்க, மாட்டிக் காட்டுறோம்," என்று பெண்கள் சொல்லி அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அதே வான் அதே மெஷின்களை ஏற்றிக்கொண்டு சல்லிக் கொட்டிலுக்கு வந்தது. பிறகு அவை அங்கிருந்து அசையவில்லை. நானும்தான். சம்பளமில்லாமல் போய், பிறகு அந்தப் பெண்கள் ஊர்த் தையல் எடுத்து உழைத்ததில் ஒரு பங்கு வாங்கினேன். அந்தக் காசை வாங்கும்போது மட்டும்தான் நான் உத்தியோகம் பார்த்ததாக நினைத்தேன்.

இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகளே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒரு கையால் கொடுத்துக்கொண்டே மற்றக் கையால் வாசலைக் காட்டாதீர்கள். அவர்கள் எப்போது போவார்கள் என்று கேட்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களும் அல்ல. அளவுநாடாவைக் கையில் எடுத்தால், இன்றைய உயரத்துக்கு மட்டும் வெட்டாதீர்கள்.

கலாவின் சட்டையில் வருடத்துக்கு ஒரு விரலாக அவிழ்த்துவிட்டோம். பழைய மடிப்பு இருந்த இடமெல்லாம் கோடு விழுந்திருந்தது. தோய்த்தும் போகவில்லை. நாலாவது விரலையும் அவிழ்த்தபிறகு, ஒருநாள் முத்துலட்சுமி புதுத் துணி கொண்டுவந்து மேசையில் விரித்தாள். மகள் அவளுடைய தோளுக்கு வளர்ந்திருந்தாள். மடிப்புக்கு எவ்வளவு விட என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாலு விரல் வைத்து அளந்து, கத்தரிக்கோலை எடுத்தேன்.