வேலிக்கு வெளியே ஒரு கூடாரம்: பலெர்மோவிலிருந்து மதோனியே, நேப்ரொதி மலைகளுக்கு

கடந்த ஜூனில், பள்ளிக்கூடங்கள் மூடிய அடுத்த வெள்ளிக்கிழமை, நாங்கள் மூன்று பெண்கள் என் பழைய காரில் பலெர்மோவிலிருந்து புறப்பட்டோம். சிசிலியின் வடக்குக் கரைக்கு மேலே இரண்டு மலைக்காட்டுப் பூங்காக்கள் இருக்கின்றன. மதோனியே ஒன்று, அதற்குக் கிழக்கே நேப்ரொதி. ஒவ்வொன்றிலும் ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, கடற்கரை நெடுஞ்சாலை வழியே ஞாயிறு வீடு திரும்புவது திட்டம். பதினெட்டு வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறேன். அதுவரை நான் ஏறிய ஒரே மலை சாந்தா ரொசாலியா கோயில் மலைதான்.

யோசனை என்னுடையதல்ல, வத்சலாவுடையது. அவள் ஒரேத்தோ பகுதியில் எனக்கு அடுத்த கட்டிடத்தில் இருக்கிறாள், வயதான ஒரு சின்யோராவை, ஓர் இத்தாலிய அம்மாவை, பராமரிக்கும் வேலை. கிளிநொச்சிப் பக்கத்தவள். போர் முடிந்தபோது முள்ளுக்கம்பிக்குள் தறப்பாள் கூடாரத்தில் மாதக்கணக்காக இருந்தவள். முகாம் என்ற சொல்லை எங்கள் ஆட்களிடம் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அவளுடைய மகள் அபிநயாவுக்குப் பன்னிரண்டு வயது. பங்குக் கோயில் சாரணர் குழுவில் இருக்கிறாள். (வத்சலா சைவம். ஆனாலும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான்.) அந்தக் குழு ஜூலையில் ஒரு கிழமை, ஏழு நாள், மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாக இருந்தது. வத்சலா மகளை விடமாட்டேன் என்றுவிட்டாள்.

"எல்லாரும் போகினம். பெர்க்கே நான் மட்டும் இல்லை?" என்று, ஏன் என்ற சொல்லை மட்டும் இத்தாலியத்தில் சொல்லி, பிள்ளை அழுதது எங்கள் வீட்டுக்கே கேட்டது.

அடுத்த நாள் வத்சலா என் சமையலறைக்கு வந்தாள்.

"மேரி, உன்ரை கார் மலை ஏறுமோ?"

"ஏறும். ஏன்?"

"பிள்ளையை மறிக்க முன்னம் நான் ஒருக்கா ரென்றிலை படுத்துப் பாக்கவேணும். எனக்கு ஏலாதெண்டால் அது என்ரை பிரச்சினை. அவளின்ரை இல்லை." (ரென்ற் என்றால் எங்கள் பேச்சில் கூடாரம்.)

மூன்றாவது ஆள் ஜெனிற்றா. என்னைப் போல மன்னார்க்காரி, மொண்டெல்லோ கடற்கரையில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. எங்கள் இருவரையும் விட இளையவள். சீசன் தொடங்கிய நேரத்தில் முதலாளியோடு சண்டை பிடித்து லீவு வாங்கிக்கொண்டு வந்தாள்.

மூன்று பேர் படுக்கும் கூடாரம் அறுபத்தைந்து யூரோ. படுக்கைப் பைகளைச் சாரணர் குழுவில் இரவல் வாங்கினோம். பலெர்மோவிலிருந்து மதோனியேயின் பியானோ பத்தாலியா மேட்டுக்கு ஏறக்குறைய நூறு கிலோமீற்றர், இரண்டு மணி நேரம். புவொன்ஃபொர்னெல்லோ வரை நெடுஞ்சாலைக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து கொல்லெசானோ வழியாக மலை ஏறினோம். வளைவுகளில் இரண்டாம் கியரை விட்டு நான் வெளியே வரவில்லை. பின்சீற்றில் ஜெனிற்றா செபமாலை சொல்லத் தொடங்கினாள், கேலிக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மேட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு குடும்பம் நடத்துகிற இடத்தில் தங்கினோம். மூன்று பேருக்கும் காருக்கும் சேர்த்து இருபத்துநான்கு யூரோ. நிலம் சமமாக இருந்தது ஓரத்துக் கம்பிவேலிக்குப் பக்கத்தில் மட்டும்தான், அங்கேயே கூடாரத்தை அடித்தோம். சோறும் பருப்பும் காஸ் அடுப்பில் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன சம்பலோடு சாப்பிட்டோம். வெளிச்சம் மங்குகிற நேரம் வத்சலா தனியாக உள்ளே போய்ப் படுத்தாள். சிறிது நேரத்தில் செருப்புக்கூடப் போடாமல் வெளியே வந்தாள். முகம் வியர்த்திருந்தது.

"ஒண்டுமில்லை. நான் காருக்கை படுக்கிறன்."

ஜெனிற்றா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

காலையில் வத்சலாவின் கண்கள் சிவந்திருந்தன. "வீட்டை போவம் வத்சலா. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றேன்.

"நான் வீட்டை போறதெண்டு சொன்னனானோ? தேத்தண்ணியைப் போடு."

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

இரண்டாம் நாள் பெத்ராலியா, கான்ஜி, நிகொசியா, த்ரொயினா என்ற ஊர்கள் வழியே உள்நாட்டு மலைவீதியில் கிழக்கே போனோம். வரைபடத்தில் பார்க்கக் கிட்ட. காரில் ஓடினால் அரை நாள். போதாததற்குத் தொலைபேசி காட்டிய குறுக்கு வழியை நம்பித் திரும்பினேன். பத்துக் கிலோமீற்றர் தாண்டி வீதி பாதியாக உடைந்து பள்ளத்தில் கிடந்தது. மண்சரிவு. குறுக்கே ஒரு தடுப்பு, அவ்வளவுதான். வந்த வழியே திரும்பினோம். செசரோ ஊருக்கு வந்து சேர்ந்தபோது பெற்றோல் நிலையம் மதியத்துக்காகப் பூட்டியிருந்தது. அது திறக்கும்வரை நிழலில் இருந்து பாண் ரொட்டி சாப்பிட்டோம்.

செசரோவுக்கு மேலே உள்ள கணவாயின் பெயர் போர்த்தெல்லா ஃபெம்மினா மோர்த்தா. இறந்த பெண்ணின் கணவாய் என்று அர்த்தம். பலகையை வாசித்த ஜெனிற்றா, "வைக்க வேறை பேர் கிடைக்கேல்லையாமோ?" என்றாள். அந்த நாளில் வத்சலா முதன்முறையாகச் சிரித்தாள். அங்கே காரை விட்டுவிட்டு மௌலாட்சோ ஏரிக்கு நடந்தோம். பாதை அகலமானது, இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள், ஜூன் மாதத்திலும் குளிர்ந்த நிழல். எனக்கும் ஜெனிற்றாவுக்கும் மூச்சு வாங்கியது. வத்சலா முழு வழியும் முன்னால் நடந்தாள்.

அன்று தங்கியது சல்வோ என்பவரின் பண்ணையில். நாற்பது வயது இருக்கும், மாடும் கறுப்புப் பன்றியும் வளர்க்கிறார். முள்ளுக்கம்பி அடித்த சின்ன வயலைக் காட்டி, இதற்குள் போட்டால் பாதுகாப்பு என்றார். வத்சலா அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இத்தாலிய மொழியில் அவரிடம் நேராகவே சொன்னாள்: இதற்குள் வேண்டாம், வெளியே போடுகிறோம்.

"வெளியே மிருகங்கள் வரும், சின்யோரா."

"வரட்டும்."

சல்வோ தோளைக் குலுக்கிவிட்டு, ஒரு சுத்தியல் கொண்டுவந்து தந்தார். திறந்த புல்வெளி. சரிவான நிலம், ஆனால் எந்தப் பக்கமும் வேலி இல்லை. முளைகளை அடித்துக்கொண்டே வத்சலா கதைத்தாள், எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கு ஏலாதது ரென்ற் இல்லையடி. நேற்று உள்ளுக்குப் படுத்திட்டுத் தலையை வெளியிலை நீட்டினன். முன்னுக்கு அந்தக் கம்பி. அங்கையும் அப்பிடித்தான். எந்தப் பக்கம் நீட்டினாலும் கம்பி."

"அதை நேற்றே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றாள் ஜெனிற்றா.

"நேற்று எனக்கே தெரியாது."

அன்று அவள் உள்ளே போய்ப் படுத்தாள். கூடார வாசலின் ஸிப்பைத் தானே மூடினாள், பிறகு தானே திறந்து பார்த்தாள், மறுபடி மூடினாள். நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்து எப்போதோ உறங்கிப்போனேன்.

விழித்தபோது விடிந்திருந்தது. பக்கத்தில் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். வத்சலா வாய் திறந்தபடி நல்ல நித்திரை. வெளியே ஜெனிற்றாவின் கூச்சல்:

"மேரியக்கா! எங்கடை பாணைப் பன்றி கொண்டு போட்டுது!"

அந்தச் சத்தத்தில் வத்சலா எழும்பினாள். வாசலைத் திறந்து தலையை நீட்டினாள். பனிமூட்டம் விலகிக்கொண்டிருந்தது. நாலைந்து குதிரைகள் குட்டிகளோடு மேய்ந்தன. பன்றி பாண் பையோடு சரிவில் ஓட, ஜெனிற்றா பின்னால் ஓடினாள். வத்சலா அப்படியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடுப்பு நோகுது. இவள் ஜெனிற்றா விடியும்வரை உதைச்சவள்" என்றாள் கடைசியில்.

சான் ஃப்ராத்தெல்லோவுக்கு இறங்கியபோதுதான் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைத்தது. வத்சலா மகளை அழைத்தாள். "போ. ஆனால் ரண்டு ஸ்வெற்றர் கொண்டு போகவேணும். மலையிலை சரியான குளிர்." மறுமுனையில் பிள்ளை போட்ட சத்தத்தில் நான் பிரேக்கை அழுத்திவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: பெற்றோலுக்கு எங்களுக்கு ஐம்பது யூரோவுக்குக் கிட்ட ஆனது. பெற்றோல் தாங்கி பாதியானதும் நிரப்பிவிடுங்கள், மதியத்திலும் ஞாயிறிலும் நிலையங்கள் திறந்திருக்குமென்று நம்பவேண்டாம். பூங்காக்களில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. பண்ணைக்காரரிடம் கேளுங்கள், பெரும்பாலும் இடம் தருவார்கள். கோடையில் நெருப்பு மூட்டவே வேண்டாம். வீதி திறந்திருக்கிறதா என்று காப்பிக் கடையில் கேளுங்கள், தொலைபேசியிடம் கேட்காதீர்கள். உணவைக் காருக்குள் பூட்டுங்கள். குட்டியோடு நிற்கும் குதிரைக்குக் கிட்டப் போகாதீர்கள்.

பயந்தபடி ஒருவர் உங்களோடு வந்தால், அவரைத் தேற்ற அவசரப்பட வேண்டாம். திரும்பிப் போகலாம் என்று சொன்னது நான்தான். அவள் கேட்டது ஒரு தேத்தண்ணியும் இன்னொரு நாளும் மட்டுமே.

ஜூலையில் அபிநயா போனாள். அந்தக் கிழமை வத்சலாவுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. தினமும் பின்னேரம் என் சமையலறையில் வந்து இருப்பாள். ஆனால் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிவரப் போகிறேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. மூக்கு வெயிலில் உரிந்து, தொண்டை கட்டி, ஊத்தை உடுப்புப் பையோடு பிள்ளை வந்து இறங்கியது. வத்சலா கேட்ட முதல் கேள்வி, "ரென்றை எங்கையடி போட்டவை?"

அபிநயாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நிலத்திலைதான் அம்மா. வேறை எங்கை போடுறது?"