வடக்குச் சுவரின் நிழல்

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்த வருடம்தான் நாங்கள் அந்த அறையைக் கட்டினோம். ராசிபுரம் பக்கத்தில் தனியாக இருந்தவளை, அடம்பிடிக்க விடாமல், மலைமேல் செம்மேட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மலைக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை நான். கீழே திரும்பிப் போக மனமில்லாமல் இங்கேயே ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தோம். அதில் கழிப்பறைக்கு ஆறு படி இறங்க வேண்டும். அம்மாவால் ஒரு படிகூட முடியாது. அதனால் வடக்குப் பக்கம் காலியாகக் கிடந்த இடத்தில் கழிப்பறையோடு சேர்த்து ஓர் அறை, மேலே கான்கிரீட் தளம். அவ்வளவுதான் திட்டம்.

வடக்கே, எங்கள் மனையைவிட ஓர் ஆள் உயரம் பள்ளத்தில், பக்கத்து வீட்டுக்காரி மிளகு காயப்போடும் களம். இந்த மலையிலேயே பிறந்தவள், என் வயதுதான். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தாள். அவள் வீட்டுப் பலாப்பழம் எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் வீட்டு முறுக்கு அங்கே போகும். சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை.

சித்திரையில் அஸ்திவாரம் போட்டோம். சுவர் இடுப்பளவு எழும்பிய ஒரு மத்தியானம் அவள் வந்தாள். எவ்வளவு உயரம் போகும் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் தன் களத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், தளம் போடாம, ஓடு போட்டு எங்க பக்கமா சாய்ச்சு எறக்கிக் கட்ட முடியாதுங்களா? மழைத் தண்ணி எங்க பக்கம் உழுந்தாலும் பரவால்லீங்க. தையில வெயிலு தெக்க சாஞ்சுரும். களம் பூரா நெழலாப் போயிரும்."

தாழ்வாரத் தண்ணீர் தன் பக்கம் விழக்கூடாது என்றுதான் ஊரில் சண்டை போடுவார்கள். இவள் தண்ணீரை வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது, எங்கள் இடத்துக்கு அடிபோடுகிறாள் என்று என் புத்தி வேலை செய்தது. சித்திரை உச்சிவெயில். சூரியன் தலைக்கு நேர் மேலே. எங்கே நிழல், காட்டுங்கள் என்று சிரித்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உலக உருண்டையும் டார்ச் லைட்டும் வைத்து, சூரியன் எப்போது தெற்கே போகிறது என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறவள் நான். அதை என் வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அடுத்த வாரமே சர்வேயரை வரவழைத்தேன். எல்லைக்கல்லிலிருந்து அளந்து, நான்கு விரல்கூட நாங்கள் தாண்டவில்லை என்று அவர் சொன்னதை அவள் காதில் விழும்படி இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். தளம் போட்ட அன்று அவள் மறுபடி வந்து, டீச்சர், நான் எடத்தக் கேக்கலீங்க என்று ஆரம்பித்தாள். கொத்தனார், சித்தாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க எடத்துல நாங்க கட்டறோம். வெயிலுக்குமா பட்டா வாங்கி வெச்சிருக்கறீங்க?" என்றேன்.

அவள் இறங்கிப் போய்விட்டாள். அந்த வருடம் பலாப்பழம் வரவில்லை. நானும் முறுக்கு கொடுத்தனுப்பவில்லை.

ஆவணியில் அம்மா புது அறைக்குக் குடிபோனாள். கட்டிலை வடக்கு ஜன்னலை ஒட்டிப் போட்டோம். படுத்தபடியே பக்கத்துக் களம் தெரியும். நான் பள்ளிக்கூடம் போனபிறகு அம்மாவுக்கு அந்த ஜன்னல்தான் துணை.

தை பிறந்தது. மிளகு பறிக்கத் தொடங்கினார்கள். பச்சை மிளகை உதிர்த்து, கொதிநீரில் ஒரு முக்கு முக்கியெடுத்து, நல்ல வெயிலில் நாலைந்து நாள் காயவிட வேண்டும். வெயில் தவறினால் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு வருடப் பாடு அந்த நாலைந்து நாளில் இருக்கிறது. நான் மாலையில் வரும்போது களம் காலியாக இருக்கும். சீக்கிரம் அள்ளிவிட்டாள் போல என்று நினைத்துக்கொள்வேன். உண்மையில், ஏன் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"அந்தப் புள்ள தார்ப்பாயை வெயிலு போற பக்கமெல்லாம் இழுத்துக்கிட்டே இருக்குது. நேத்து ஒம்பது தடவ இழுத்துச்சு. அப்பறம் முடியாம ரோட்டுக்குக் கொண்டுபோயிருச்சு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அவ வெயிலைப் போத்திக்கிட்டு நான் படுத்திருக்கறேன் கண்ணு. எனக்கு இந்த ரூமு வேண்டாம்."

எனக்கு அவமானமாக இருந்தது. அம்மாவுக்காகத்தான் கட்டினேன் என்பதையே இத்தனை மாதமும் கேடயமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதையும் அம்மாவே பிடுங்கிவிட்டாள்.

ரோட்டோரம் போனேன். அவள் கையில் ஒரு குச்சியோடு தார்ப்பாய் அருகே உட்கார்ந்திருந்தாள். சுற்றுலா வந்த ஏதோ ஒரு கார் அதன் ஓரத்தில் ஏறிப்போயிருந்தது. மிளகு தார் ரோட்டில் நசுங்கிக் கிடந்தது. நானும் உட்கார்ந்து சிதறியதைப் பொறுக்கினேன்.

"நான் பேசுனது தப்புங்க" என்றேன். "அம்மா காலத்துக்கப்பறம் அந்த ரூமை இடிச்சிர்றேன். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க."

அப்போதுதான் அவளுக்கு உண்மையான கோபம் வந்தது. "பெத்தவங்களுக்கு நாள் குறிக்கறீங்களா? வாயைக் கழுவுங்க டீச்சர்."

நாள் முழுவதும் வெயில் விழும் இடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இப்போது ஒன்றுதான் இருந்தது. எங்கள் புதுத் தளம். அங்கே காயப்போடச் சொன்னேன். உங்கள் வீட்டுக்குள் நுழைந்து தினமும் பத்துத் தடவை ஏறி இறங்க முடியாது என்றாள். அதுவும் நியாயம். கொத்தனாரை அழைத்து வடக்குக் கைப்பிடிச் சுவரில் மூன்றடி உடைத்து வழிவிடச் சொன்னேன். அவள் களத்திலிருந்து எங்கள் தளத்துக்கு ஓர் இரும்புப் படி. அடி அவள் மண்ணில், தலை எங்கள் சுவரில். நான்கு விரலுக்கு சர்வேயரைக் கூப்பிட்ட டீச்சரா இது என்று கொத்தனார் கேட்டார். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்றேன்.

முதல் நாள் தார்ப்பாயை விரித்துவிட்டு, மேலிருந்து என்னைப் பார்த்தாள். "நல்லவேளைங்க டீச்சர், நீங்க எம் பேச்சக் கேக்கல. ஓடு போட்டிருந்தா நான் எங்க ஏறி நிக்கறது?"

என்னை மன்னிக்கத்தான் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அதன்பிறகு அம்மாவுக்கு ஜன்னலைவிடக் கூரைமேல்தான் காது. மிளகைக் காலால் கிளறிவிடும் சத்தம் சரக் சரக்கென்று கேட்கும். வந்துட்டா என்பாள். ஒரு மணி, அம்மா கண்ணயரும் நேரம். அது தெரிந்தபிறகு, அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் காலால் கிளறாமல், குத்தவைத்து உட்கார்ந்து கையால் புரட்டுவாள்.

இப்படி மூன்று மிளகுக் காலம். போன ஐப்பசி அடைமழையில் அம்மா போய்விட்டாள். கட்டில் காலியானது. மார்கழி பிறந்ததும் கொத்தனாரை வரச்சொன்னேன். கொடுத்த வாக்கு இருக்கிறதே. அந்த அறைக்குள் போகவும் எனக்குத் தைரியமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் கைப்பிடிச் சுவரில் முதல் அடி போட்டதும் படியில் தடதடவென்று ஏறி வந்தாள்.

"என் களத்த எதுக்குங்க இடிக்கறீங்க?"

ரோட்டில் உட்கார்ந்து சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

"அது நீங்க சொன்னீங்க. நான் எப்பங்க ஒத்துக்கிட்டேன்?"

அம்மா போனபோது அழாதவள், கொத்தனார் முன்னால் அழுதேன். அவள் என் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டு, கொத்தனாருக்குக் காபி வைக்கப் போனாள்.

தையில் வழக்கம்போல மிளகு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எத்தனையோ நாளுக்குப் பிறகு, அம்மாவின் அறையில் போய்ப் படுத்தேன். மேலே சரக் சரக்கென்று சத்தம். ஒரு மணி ஆயிற்று. சத்தம் நின்றது. அவள் குத்தவைத்து உட்கார்ந்து, கையால் மெதுவாகப் புரட்டத் தொடங்கினாள்.